பிளைவுட் கிதாரும் பழுது பார்க்கத் தகுந்ததுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய இசைக்கருவிகளைச் சேகரிப்பவர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தது எனக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் கட்டுரையின் ஓரத்தில் கட்டம் கட்டி ஒரு யோசனை போட்டிருந்தீர்கள். முழு மரத்தில் செய்த விலை உயர்ந்த கிதாரைத்தான் பழுது பார்க்க வேண்டும், பிளைவுட் கிதார் உடைந்தால் அதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே லாபம் என்று. அதைப் படித்துவிட்டு எத்தனை வீட்டுப் பரணிலிருந்து எத்தனை கிதார் பழைய பேப்பர்காரர் வண்டியில் ஏறியதோ என்று கவலையாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில், ரயில் பெட்டிக்கு உள்வேலை செய்யும் ஃபர்னிஷிங் பிரிவில் 1981 முதல் 2018 வரை தச்சு வேலை பார்த்தவன். பிளைவுட்டை 37 வருடம் அறுத்திருக்கிறேன், இழைத்திருக்கிறேன், ஒட்டியிருக்கிறேன். மெல்லிய தகடுகளை ஒன்றின் ரேகைக்கு மற்றதன் ரேகை குறுக்காக வரும்படி ஒட்டுவதால், அது காய்ந்தாலும் ஊறினாலும் அதிகம் அசையாது, லேசில் வெடிக்காது. முழு மரம் அப்படியில்லை, அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். ஓசையில் முழு மரம் ஒரு படி மேலே என்பதை நான் மறுக்கவில்லை. முகப்பலகை ஒரே மரமாக இருந்தால் அது அதிர்கிற விதமே வேறு. ஆனால் ஐப்பசி மழையில் கதவே நிலையில் இறுகிப்போகிற ஊர் இது. இங்கே ஒரு சாதாரண வீட்டில் ஏசி இல்லாமல், பெட்டி இல்லாமல், ஆணியில் மாட்டிக் கிடந்து முப்பது நாற்பது வருடம் பிழைத்து வரக்கூடியது பிளைவுட் கிதார்தான்.

என் கைக்கு வந்த முதல் பழைய கிதார் அப்படிப் பிழைத்த ஒன்று. பெரம்பூரில் ஒரு காலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. சாயங்காலம் எங்கள் தெருவில் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் கிதார் சத்தம் கேட்கும். அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது பீரோவும் கட்டிலும் விலைக்குப் போகும், கிதார் மூலையில் கிடக்கும். 1996ல் எங்கள் எதிர் வீட்டார் மெல்போர்னுக்குக் கிளம்பியபோது, பரணிலிருந்து ஒன்றை இறக்கி, "மரவேலை தெரிந்த கை, உங்களிடம் இருக்கட்டும்" என்று அந்த வீட்டம்மா கொடுத்துவிட்டுப் போனார். துளை வழியாக உள்ளே பார்த்தால் சிவப்பு லேபிள். யமஹா எஃப்.ஜி. 180. அந்த நிறுவனம் நிப்பான் கக்கி என்ற பெயரில் இருந்தபோது, 1966ல் ஜப்பானில் தொடங்கிய வரிசை. முகப்பலகை உட்பட உடம்பு முழுக்க பிளைவுட். அதே வரிசையின் சிறிய கிதாரான எஃப்.ஜி. 150ஐத்தான் 1969ல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் விழா மேடையில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாக நின்று வாசித்தார். முன்னால் லட்சக்கணக்கான ஜனம். அது பிளைவுட் என்று அன்று யாரும் எழுந்து போகவில்லை.

என்னிடம் வந்தபோது அதன் நிலைமை மோசம். கம்பிகளைத் தளர்த்தாமலே பரணில் போட்டு வைத்திருந்தார்கள். ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு சுமார் 70 கிலோ. ஒரு வளர்ந்த ஆளின் எடையை, மெல்லிய பலகை ஒன்று இரவும் பகலும் தாங்குகிறது. மேலே ஓட்டுச் சூடு வேறு. பிரிட்ஜ், அதாவது முகப்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை, பின்பக்கமாகப் பெயர்ந்து வாய் திறந்திருந்தது. அதற்கு முன்பே யாரோ ஒரு பழுதுக்காரர் இரண்டு இரும்பு ஸ்க்ரூவை மேலிருந்து முடுக்கி, இடைவெளியில் எபாக்சி என்ற ரசாயனப் பசையை ஊற்றியிருந்தார். கிதார் கெட்டதைவிட அந்த வைத்தியத்தால் கெட்டதுதான் அதிகம். ஸ்க்ரூ துரு பிடித்து மரத்தைத் தின்றிருந்தது. எபாக்சியை எடுக்க நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஈரத் துணி வைத்து, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியின் நுனியை வைத்துச் சூடாக்கி, மழுங்கிய மெல்லிய கத்தியை அடியில் செலுத்தி, நூல் நூலாக நகர்த்த வேண்டியிருந்தது. அவசரப்பட்டால் முகப்பலகையின் மேல்தகடும் சேர்ந்து வந்துவிடும்.

இந்த இடத்தில் பசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது. கடையில் கிடைக்கிற வெள்ளைப் பசை நாற்காலிக்கு நல்லது. கிதார் பிரிட்ஜுக்கு ஆகாது. வெயில் காலத்தில், விடாமல் இழுக்கும் 70 கிலோவுக்கு அது மெல்ல மெல்ல நழுவிக் கொடுத்துவிடும். எபாக்சி நழுவாது, ஆனால் ஒருமுறை போட்டால் அடுத்தவர் லேசில் பிரிக்க முடியாது. நம் பழைய தச்சர்கள் வைத்திருந்தார்களே வஜ்ஜிரம், அதுதான் இதற்குச் சரி. தோலிலிருந்து காய்ச்சி எடுக்கிற பசை. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு டப்பாவை வைத்து அதில் உருக்க வேண்டும். கொதிக்க விடக் கூடாது, 60 டிகிரி போதும். பூசினால் ஒரு நிமிஷத்துக்குள் கிளாம்ப் போட்டாக வேண்டும், அதற்குள் ஆறி இறுகிவிடும். காய்ந்தபின் கல்லைப் போல இருக்கும், நழுவாது. ஐம்பது வருடம் கழித்து யாராவது பிரிக்க வேண்டுமென்றால் சூடும் ஈரமும் காட்டினால் போதும், மரத்தைக் காயப்படுத்தாமல் விட்டுக்கொடுக்கும். பழைய கிதார் தொழிற்சாலைகளும் இதைத்தான் போட்டன. (அதனாலேயே வெயிலில் நிறுத்திய காருக்குள் கிதாரை வைக்காதீர்கள். பசை அங்கேயே இளகிவிடும்.)

சிலர் கேட்கிறார்கள், பிரித்துப் பிரித்து ஒட்டினால் அது என்ன கருவி என்று. தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை மெழுகை உருக்கி, மேளத்தை (மெட்டுகள் பதிந்த மெழுகு வரிசையை) எல்லாம் பெயர்த்து, சுரம் பார்த்து மறுபடி கட்டுகிறார்கள். வீணை பாழாகிவிட்டது, புதிது வாங்கு என்று யாரும் சொல்வதில்லை. வீணை வைத்திருக்கும் வீட்டில் அது வழக்கமான செலவு. கிதாருக்கும் அப்படி ஒரு வேலை உண்டு. கம்பி இழுத்து இழுத்து, நாற்பது ஐம்பது வருடத்தில் கழுத்து முன்பக்கம் சாய்ந்துவிடும். கம்பி பலகையிலிருந்து எழும்பி, அழுத்தினால் விரல் வலிக்கும். அப்போது கழுத்தைக் கழற்றி, அடியில் கொஞ்சம் சீவி, கோணத்தைச் சரி செய்து மறுபடி வைக்க வேண்டும். இது செய்யாததால்தான் பாதி பழைய கிதார்கள், "வாசிக்க முடியாது" என்று பரணுக்குப் போகின்றன. கிதாருக்கு வந்த சாவு அல்ல அது, செய்யாமல் விட்ட ஒரு வேலை.

அந்த வேலையை நான் கற்றது பெரம்பூரில் அல்ல, சிகாகோவில். ஓய்வு பெற்ற பிறகு, 2018 செப்டம்பரில் மகன் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் இருந்தேன். அவன் இருப்பது சிகாகோவை அடுத்த நேப்பர்வில். அங்கே ஒரு வீட்டைக் காலி செய்யும்போது சாமான்களை அந்த வீட்டிலேயே வைத்து விற்பார்கள். அப்படி ஒரு வீட்டில் 40 டாலருக்கு ஒரு சின்ன கிதார் கிடைத்தது. ஸ்டெல்லா என்று பெயர். பர்ச் மரம், உடம்பெல்லாம் பழுப்பும் மஞ்சளுமாகப் பெயிண்ட், விளிம்பில் வெள்ளைப் பட்டை ஒட்டியது மாதிரி தெரியும், தொட்டுப் பார்த்தால் அதுவும் பெயிண்ட். அவ்வளவு மலிவாகச் செய்தது. உள்ளே கைக்கண்ணாடியை விட்டுப் பார்த்தேன். பலகையின் அடியில் குறுக்குச் சட்டங்கள் ஏணிப்படி போல வரிசையாக இருந்தன. ஒரு மூலையில் மையில் குத்திய முத்திரை, அதில் 65 என்ற எண். எனக்கு ஏழு வயது இருக்கும்போது செய்த கிதார்.

அதைச் செய்தது ஹார்மனி கம்பெனி. 1892ல் சிகாகோவில் தொடங்கி, 1916ல் சியர்ஸ் நிறுவனம் வாங்கி, பிறகு 1940ல் கைமாறியது. சியர்ஸ் அந்தக் காலத்தில் அஞ்சலில் பொருள் அனுப்பிய கடை. விலைப்பட்டியல் புத்தகத்தைப் பார்த்துக் கடிதம் போட்டால், எந்தக் கிராமத்துக்கும் கிதார் போய்ச் சேரும். பண்ணைக் கூலிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் இப்படி வந்த கிதாரில்தான் கற்றார்கள். 1964, 65 வாக்கில் ஒரே வருடத்தில் சுமார் மூன்றரை லட்சம் கருவிகள் விற்றிருக்கிறார்கள். அப்புறம் ஜப்பான் கிதார்கள் வந்து சேர, 1975ல் கம்பெனி மூடப்பட்டது. அதாவது நான் முதலில் சரி செய்த எஃப்.ஜி. 180ம், அதற்குப் பிறகு சரி செய்த ஸ்டெல்லாவும் ஒரு காலத்தில் சந்தையில் நேருக்கு நேர் நின்றவை. பிற்பாடு இரண்டும் என் வீட்டில் ஒரே சுவரில் தொங்கின.

தொழிற்சாலை இருந்த தெற்கு கோலின் அவென்யூ வழியாக மகன் ஒருநாள் காரில் கூட்டிப்போனான். எதற்கு என்று அவனுக்கு முதலில் விளங்கவில்லை. நானும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ஷிப்டு, முத்திரை, ஒரே சட்டத்தை ஒரு நாளில் இருநூறு தரம் ஒட்டுகிற கை, இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த 65 முத்திரையைக் குத்தியவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவர் வைத்த சட்டம் 53 வருடம் கழித்தும் அசையாமல் இருந்ததை நான் விரலால் தட்டிப் பார்த்தேன். அதை அந்தத் தெருவில் நின்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அந்த ஸ்டெல்லாவின் முதுகில் ஒரு விரிசல் இருந்தது, நகம் நுழையும் அளவு. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று எலும்பாகக் காய்ந்துவிடும். மரம் சுருங்கிப் பிளக்கும். வேறு யாராவது உடனே பட்டி பூசி அடைத்திருப்பார்கள். அப்படிச் செய்தால் ஈரக் காலத்தில் மரம் ஊறும்போது போக இடமில்லாமல் பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும். நான் ஒரு சோப்பு டப்பாவில் துளை போட்டு, ஈரப் பஞ்சை உள்ளே வைத்து, கிதாரின் வயிற்றில் தொங்கவிட்டு, மொத்தத்தையும் பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். பதினாறு நாளில் விரிசல் தலைமுடி அளவுக்கு மூடிக்கொண்டது. அதன்பிறகு வஜ்ஜிரம் விட்டு, உள்பக்கம் ரேகைக்குக் குறுக்காக மூன்று சின்னத் துண்டு மரம் வைத்து ஒட்டினேன். சென்னைக்கு வந்து இத்தனை மழைக்காலம் ஆகிவிட்டது, அது திறக்கவில்லை.

கழுத்து எடுத்த கதை இன்னொரு ஹார்மனி கிதாரில். சாவரின் எச் 1260 என்ற பெரிய கிதார். முகப்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கமும் மகோகனி, எல்லாம் முழு மரம். லெட் செப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ் வைத்திருந்ததும் இதே மாதிரிதான் என்பதால், நல்ல நிலையில் உள்ளது இப்போது பல நூறு டாலருக்குப் போகிறது. கழுத்து சாய்ந்ததால் எனக்கு 110 டாலருக்குக் கிடைத்தது. கழுத்தின் கீழ்முனை உடம்புக்குள் டவ்டெயில் (புறா வால் போல விரிந்த) இணைப்பாக இறங்கியிருக்கும். விரல் பலகையின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களில் 15ஆவதைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் இரண்டு மில்லிமீட்டர் துளை போட்டால் அது இணைப்பின் இடுக்கில் போய் இறங்கும். அதன் வழியாக நீராவி விட வேண்டும். மருமகள் தன் பழைய மூன்று லிட்டர் குக்கரை எனக்காகவே ஒதுக்கிக் கொடுத்தாள். வெயிட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிலிக்கான் குழாய், குழாயின் மறுமுனையில் கால்பந்துக்குக் காற்று அடிக்கும் ஊசி. அடுப்பைச் சின்னதாக வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, எட்டு நிமிஷம் விட்டேன். வஜ்ஜிரம் இளகி, கழுத்து கையோடு வந்தது. உள்ளே 1960களின் பசை வாசனை. ஐ.சி.எஃப். பட்டறையில் என் மேஸ்திரி காய்ச்சிய டப்பாவின் அதே வாசனை.

சீவ வேண்டியது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஃப்ரெட்களின் மேல் இரும்பு மட்டப்பலகையை வைத்தால் அதன் நுனி பிரிட்ஜின் தலையை உரச வேண்டும். இதில் நான்கு மில்லிமீட்டர் கீழே இடித்தது. அதைத் தூக்க, கழுத்தின் அடியில் சீவ வேண்டியது ஒன்றேகால் மில்லிமீட்டர்தான், அதுவும் ஆப்பு மாதிரி மேலே போகப் போகக் குறைந்து ஒன்றுமில்லாமல் ஆக வேண்டும். அந்த ஒன்றேகால் மில்லிமீட்டரால்தான் ஒரு கிதார் வாசிக்க முடியாமல் இருபது வருடம் கிடந்தது.

செலவுக் கணக்குக்கு வருகிறேன், உங்கள் கட்டுரையின் வாதமே அதுதானே. எஃப்.ஜி. 180க்கு நான் செய்த செலவு: வஜ்ஜிரம், ஒரு செட் கம்பி, அரக்கு பாலிஷ், உப்புத்தாள். கம்பிகளை இரு முனையிலும் தாங்கும் நட்டு, சேடில் என்ற துண்டுகளை மாட்டெலும்பில் நானே அராவினேன். புதுப் பிரிட்ஜை ஒரு பழைய கட்டிலின் ஈட்டி மரக் காலிலிருந்து அறுத்தேன். (பிரேசில் ரோஸ்வுட் அரிதாகிப்போனதும் 1969ல் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனியே நம் ஈட்டி மரத்துக்கு மாறியது. நாம் அதில் செய்த கட்டில் காலை விறகுக்கடையில் போடுகிறோம்.) இன்றைய விலையில் மொத்தம் ஆயிரத்து இருநூறு ரூபாயைத் தாண்டாது. ஆனால் கூலியைச் சேர்த்தால் உங்கள் கட்டுரை சொல்வது சரி. ஒரு கழுத்தை எடுத்து வைக்க மூன்று நாள் ஆகும். மூன்று நாள் தச்சுக் கூலி கொடுத்தால் அந்தக் காசுக்குப் புதுக் கிதாரே வந்துவிடும். இதை நான் ஒளிக்கவில்லை.

ஆனால் அதற்குப் பதில் தூக்கிப் போடுவது அல்ல, இந்த வேலை தெரிந்தவர்களை உண்டாக்குவது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சுப் பிரிவு இருக்கிறது. அங்கே கற்கும் பையன்களுக்கு உளி பிடிக்கத் தெரியும், இழைக்கத் தெரியும். கிதார், வீணை, ஆர்மோனியம் பழுது பார்க்க மூன்று மாத வகுப்பு ஒன்றைச் சேர்த்தால் போதும். பள்ளிக்கூடங்களில் உடைந்து கிடக்கும் கருவிகளே பழகுவதற்குக் கிடைத்துவிடும். யமஹா இன்று சென்னைக்கு அருகிலேயே கிதார் செய்கிறது. அவற்றுக்கும் ஒருநாள் வயதாகும், அப்போது இங்கே யார் இருக்கப் போகிறார்கள்?

வாங்க நினைப்பவர்களுக்கு நான் அறிந்ததைச் சொல்கிறேன். பெயரையும் பளபளப்பையும் பார்க்காதீர்கள். கிதாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்துக் கழுத்தின் நீளத்தைப் பாருங்கள். முன்னால் சாய்ந்திருந்தால் சரி செய்யலாம், முறுக்கியிருந்தால் விட்டுவிடுங்கள், எனக்கும் அது முடியாது. பிரிட்ஜுக்குப் பின்னால் கொஞ்சம் உப்பியிருப்பது வயதின் அடையாளம், பயப்பட வேண்டாம். விரல் முட்டியால் உடம்பு முழுக்கத் தட்டுங்கள். எங்காவது சொடசொட என்று கேட்டால் உள்ளே ஒரு சட்டம் விட்டுப்போயிருக்கிறது, போன் கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். கல்கத்தாவில் செய்த பழைய கிதார்களை நம் ஆட்கள் மதிப்பதில்லை. என்னிடம் நான்கு இருக்கின்றன, மூன்று நன்றாகப் பாடுகின்றன. நான் இதுவரை ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துச் சென்னையில் எந்தக் கிதாரும் வாங்கியதில்லை, எதையும் விற்றதும் இல்லை. மொத்தம் பதினொன்று. அதற்கு மேல் வந்தால் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறேன்.

மெல்போர்ன் போனவர்கள் கொடுத்த அந்த எஃப்.ஜி. 180 இப்போது எங்கள் தெருக்கோடியில் இட்லிக் கடை வைத்திருப்பவரின் மகள் கையில் இருக்கிறது. ஒன்பதாவது படிக்கிறாள். வாரம் ஒருமுறை வந்து, "தாத்தா, மூணாவது கம்பி கொஞ்சம் இரையுது" என்பாள். அரத்தை எடுத்து அந்த ஃப்ரெட்டை ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுப்பேன். சென்ற வாரம் கட்டுரையை அவளும் படித்துவிட்டு, "அப்போ என்னுது வேஸ்டா தாத்தா?" என்று கேட்டாள்.

அதனால் ஆசிரியர் அவர்களை ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பரணில் பழைய கிதார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதை இறக்கி, ஆறு கம்பியையும் இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, வெயில் படாத சுவரில் மாட்டட்டும். பழுது பார்க்கத் தெரிந்தவர் கிடைக்கும்வரை அதற்கு அது போதும்.

இப்படிக்கு,
ஐ.சி.எஃப். ஓய்வுபெற்ற தச்சர்,
பெரம்பூர், சென்னை